ஞாயிற்றுக்கிழமைகளில் சாயாத தரை

"மூச்சு விடலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லிடு."

"விடலாம் அத்தை."

"தும்மல்?"

"சின்னதா."

"சின்னதா தும்முறது எப்படின்னு உங்க யூனிவர்சிட்டில சொல்லித் தருவாங்களா?"

மூன்று மாதத்துக்கு முன்னால், அந்தக் கருவியை வீட்டு ஸ்டோர் ரூமில் இறக்கி வைத்த அன்றைக்கு மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டது இது. பிரஷர் குக்கர் அளவுக்கு ஒரு எஃகு உருளை. அதன் கீழே ஒரு கருங்கல் பலகை, மேலே கவிழ்த்த ஃபோம் பெட்டி, பெட்டிக்கு மேலே பழைய கம்பளிப் போர்வை. அத்தை கொண்டுவந்து கொடுத்த போர்வைதான்.

"நாம பேசினா இதுக்குக் கேக்குமா?"

"கேக்காது. இதுக்குக் காது கிடையாது அத்தை. தரை அசைஞ்சா மட்டும்தான் தெரியும். நீங்க பாட்டுக்குப் பேசலாம்."

"பரவால்ல. ஒட்டுக்கேக்காத ஆள் ஒண்ணாவது இந்த வீட்டுக்கு வந்துச்சே."

அப்புறம் போர்வையின் ஓரங்களை நாலு பக்கமும் உள்ளே செருகிக்கொண்டே அத்தை சாவகாசமாக இன்னொன்றும் கேட்டிருந்தார்.

"அந்த ஃபெலோஷிப் கிடைச்சா குடும்பத்தோட போகலாம்னு சொன்னியே. குடும்பம்னா யார் யாரு?"

"புருஷன். குழந்தைங்க இருந்தா குழந்தைங்க. அவங்களுக்குத்தான் விசாவும் வீடும் தருவாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தை."

"ம்," என்றார் அத்தை. செருகிய போர்வையை வெளியே இழுத்து, மறுபடி சரியாகச் செருகினார்.

அந்த "ம்" அன்றைக்கு நிலாக்காரியின் காதில் விழவே இல்லை.

தெருவில் அவளுக்கு நிலாக்காரி என்றுதான் பேர். வைத்தது அவள் கணவன். நிலவுக்குள் ஏற்படும் நடுக்கங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள். அத்தைக்கு மட்டும் அவள் டாக்டரம்மா. ஊசி போடத் தெரியாத டாக்டரம்மா.

பட்டம் வாங்கி இது மூன்றாவது வருஷம். கடல் கடந்த ஓர் ஆய்வு நிலையம், பூமியையும் கோள்களையும் படித்துப் பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டு வருஷ ஆய்வு நல்கை, அதாவது அந்த ஃபெலோஷிப், தருகிறது. எரிமலைக்காரர்கள், கடல்தரைக்காரர்கள், செவ்வாயின் தூசிக்காரர்கள் என்று ஒரு பெரிய கூட்டத்தைத் தாண்டி அவள் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தாள். பட்டம் வாங்கி மூன்று வருஷம் தாண்டினால் விண்ணப்பமே போட முடியாது. ஆகவே இன்று மதியம் நடக்கவிருக்கும் வீடியோ நேர்காணலை விட்டால் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை.

ஸ்டோர் ரூமில் இருப்பது நிலவில் வைக்கப்போகும் அதிர்வுமானியின் மாதிரி. ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் பாலம் கட்டுகிறார்கள். நாள் முழுக்க இடி. இந்த வீடோ தெருவின் கடைசியில், பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. எனவே பேராசிரியர் சம்மதித்துக் கருவியை இங்கே அனுப்பிவைத்தார்.

அன்றிலிருந்து வீடே அடக்க ஒடுக்கமாகிவிட்டது. வாஷிங் மெஷின் காலையோடு சரி. கதவுகளுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டினார்கள். கணவன் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு திருடன் மாதிரி வீட்டுக்குள் வந்தான். இத்தனைக்கும் மேற்பார்வை அத்தைதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "லைன்ல இருங்க" என்று ஆயுசில் பாதியை ஊருக்குச் சொல்லிக் கழித்தவர். யாராவது கொஞ்சம் அழுத்தி நடந்தால் போதும், உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டுவார். கூரியர்காரர்கூட அந்தச் சைகைக்குப் பயந்து குதிகாலைத் தூக்கி நடந்தார்.

அப்படிக் காவல் காத்த பதிவில் நிலாக்காரி கண்டுபிடித்தது ஒன்று உண்டு. தினமும் மதியம் ஸ்டோர் ரூம் தரை, கண்ணுக்கே தெரியாத அளவு, ஒரு பக்கமாகச் சாய்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பழையபடி நிமிர்கிறது. மேற்குச் சுவரில் வெயில் ஏறும் நேரம் அது. நிலவிலும் இதே கதைதான், வெயில் பட்டால் தரை நெளியும். அந்த நெளிவில் உண்மையான நடுக்கம் ஒளிந்துகொள்ளும். வெயில் சாய்த்ததைக் கணக்கால் நிமிர்த்தி எடுக்க அவள் ஒரு வழி கண்டாள். விண்ணப்பத்தின் உயிரே அந்த வழிதான்.

இன்று காலை, நேர்காணலில் காட்டுவதற்காக ஒரு புதுப் படம் வரைந்தாள். இதுவரை எல்லா நாட்களையும் சேர்த்துச் சராசரிதான் எடுத்திருந்தாள். இப்போது ஒவ்வொரு நாளையும் ஒரு கோடாக்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினாள். சாய்வு இருந்த இடமெல்லாம் நீலம்.

நீலத்துக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் இருந்தன. சீவின தலையில் வகிடு மாதிரி, சமமான இடைவெளியில்.

ஏதோ தரவு விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். தேதிகளைப் பார்த்தாள். தரவெல்லாம் இருந்தது. சாய்வுதான் இல்லை. வெள்ளைக் கோடு ஒவ்வொன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வெயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது.

எழுந்து ஹாலுக்குப் போனாள்.

ஹாலில் அத்தை அவளுடைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"வா வா. வீடியோல மேல்பாதிதானே தெரியும்? அதனால மேல்பாதிய மட்டும் நல்லா தேய்ச்சிருக்கேன். கீழ அவங்களுக்குக் கொடுத்து வைக்கல."

நிலாக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அத்தை, மதியத்துல ஸ்டோர் ரூமுக்கு யாராவது போறாங்களா?"

இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்றது. அப்புறம் நகர்ந்தது.

"யாரு போவா? ஞாயித்துக்கிழமை தவிர மதியம் வீட்ல இருக்கறது நான் ஒருத்தி."

"அதான் கேக்கறேன். நீங்க போனீங்களா?"

"நானா? எல்லாரையும் போகாதே போகாதேன்னு காவல் காக்கறவளே நான்தான். நான் எதுக்கு அங்க போகப்போறேன்?"

குரல் மாறிவிட்டது. அது அத்தையின் வீட்டுக் குரல் இல்லை. டாக்டர் பக்கத்திலேயே இருக்கும்போது "டாக்டர் வெளியே போயிருக்காங்க" என்று சொல்லிப் பழகிய ஆபரேட்டர் குரல். வழவழவென்று, எங்கும் பிடி கிடைக்காமல்.

நிலாக்காரி அறைக்குத் திரும்பினாள். படத்தை மறுபடி பார்த்தாள். நடுவில் ஓரிடத்தில் ஒரு வாரம் முழுக்க வெள்ளை. அந்த வாரம் அத்தை மகள் வீட்டுக்கு, அதாவது நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்த மறுநாள் நீலம் இன்னும் அடர்த்தி. மற்ற எந்த நாளையும்விட நீளம்.

பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவர் காரில் இருந்தார்.

"சார், அந்த மதியச் சாய்வு வெயிலால இல்ல சார். யாரோ கருவிக்குப் பக்கத்துல வந்து உக்காந்திருக்காங்க."

"யாரோன்னா?"

"எங்க மாமியார்னு நினைக்கறேன்."

ஹாரன் சத்தம்.

"சரி, அந்தப் படத்தைக் காட்டாதே. சராசரிப் படத்தையே காட்டு. அங்க போன பிறகு புதுசா அளந்து திருத்திக்கலாம்."

"தெரிஞ்சே காட்டச் சொல்றீங்களா சார்?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீ சந்தேகமாத்தானே சொல்றே? சந்தேகத்தையெல்லாம் இண்டர்வியூல கொண்டுபோய்க் கொட்டினா யாரும் வேலை தர மாட்டாங்க. நிதானமா இரு." லைன் துண்டானது.

சந்தேகம். அதை முதலில் தீர்த்தாக வேண்டும்.

ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தாள். கம்பளித் துண்டு ஒட்டிய கதவு மூச்சுக்கூட விடாமல் திறந்தது. பழைய சூட்கேஸ்கள், மடித்து வைத்த கட்டில், மூலையில் போர்வைக்குள் கருவி. பெரிய சூட்கேஸுக்குப் பின்னால், அதன் நிழலுக்குள், ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல். குளியலறையில் காணாமல்போன ஸ்டூல். கை எட்டும் தூரத்தில், அலமாரித் தட்டில், அத்தையின் கண்ணாடிக் கூடு.

நிலாக்காரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கருவியின் பதிவை போனில் திறந்து பார்த்தாள். பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கோடு மெல்ல வழுக்கிக் கீழே இறங்கி, அங்கேயே நின்றது. எழுந்தாள், கோடும் எழுந்தது. உட்கார்ந்தாள், அதுவும் உட்கார்ந்தது.

இறங்குகிற இடமும் ஏறுகிற இடமும் கத்தியால் வெட்டியது மாதிரி இருந்தன. வெயிலுக்கு இப்படி முனை இருக்காது. மணிக்கணக்கில் சராசரி எடுத்து, அந்த முனைகளைத் தன் கையாலேயே மழுக்கி, அதற்கு வெயில் என்று பேரும் வைத்திருக்கிறாள். காலடிச் சத்தம் பதிவில் சிறு சிறு முள்ளாகத் தெரிந்திருக்கும். அவற்றையும் தெரு இரைச்சல் என்று அவளே வடிகட்டி எறிந்திருக்கிறாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி கணவன் வந்தபோது அவள் படுக்கையறையில் நடந்துகொண்டிருந்தாள். அவன் பல் செட் செய்யும் டெக்னீஷியன். விரல் நகத்தில் எப்போதும் கொஞ்சம் மெழுகு ஒட்டியிருக்கும்.

"என்ன நிலாக்காரி, இப்படித் தொம் தொம்னு நடக்கறே? அம்மா பாத்தா ஃபைன் போடுவாங்க."

சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அம்மாவா? எதுக்கு அங்க போய் உக்காரணும்?"

"கேட்டேன். போகவே இல்லைன்னு சாதிக்கறாங்க."

"சரி விடு, இப்ப அதை நோண்டாதே. இன்னிக்கு வேண்டாம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்காகிட்ட வேற பேசி முடிச்சிருக்கேன். நாம போற ரெண்டு வருஷமும் அம்மா அங்க இருக்கட்டும்னு சொல்லிட்டா. அவ பெரிய பையனோட ரூம்லயே ஒரு கட்டில் போடறாளாம்."

"அத்தைகிட்டச் சொன்னீங்களா?"

"முதல்ல கிடைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

"கிடைக்கவா? இனிமேலா?" அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "மூணு மாசம் தும்மக்கூட பயந்து எடுத்த பதிவு. கடைசி வருஷம். எல்லாம் போச்சு. வாசல்ல காவல், உள்ள உக்காந்து கலாட்டா. இந்த வீட்டை நம்பி ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியாது."

"மெதுவா பேசு."

"மூணு மாசமா மெதுவாத்தான் பேசிட்டு இருக்கேன்."

கதவுக்கு வெளியே ஹேங்கர் ஒன்று கதவுப்பிடியில் மாட்டப்படும் சின்னச் சத்தம் கேட்டது. அவன் எழுந்து திறந்தபோது சட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்பாதியில் ஒரு சுருக்கம் இல்லை.

அடுப்படி விளக்கு அணைந்தது. வீடு நிஜமாகவே சத்தமில்லாமல் ஆனது.

நேர்காணலுக்கு நேரமானது. அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டாள். கணவன் லேப்டாப்புக்கு அடியில் நாலு புத்தகத்தை அடுக்கி உயர்த்தினான். போகும்போது அவள் தோளைத் தொட்டான்.

திரையில் மூன்று முகங்கள். நடுவில் குழுவின் தலைவி. ஒரு பக்கம், சிரித்த முகமாய் ஓர் இளைஞர். மறுபக்கம் தடித்த கண்ணாடி போட்ட மனிதர். நிலநடுக்கப் பதிவுகளில் அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது என்று அந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். விண்ணப்பத்தைப் பிரித்து மேய்ந்துவிடுவாராம்.

முதல் பத்து நிமிஷம் வழக்கமான கேள்விகள். அவள் வாய் தானாகப் பதில் சொன்னது. இளைஞர் தலையாட்டினார். தலைவி எதையோ குறித்துக்கொண்டார்.

"இப்போது உங்கள் முறைக்கு வருவோம்," என்றார் கண்ணாடிக்காரர். "வெயிலால் வரும் சாய்வைப் பிரித்தெடுக்கிறீர்கள். விண்ணப்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். அந்தப் பதிவைக் காட்டுங்கள்."

கணினியில் இரண்டு படங்களும் திறந்திருந்தன. சராசரிப் படம் அழகாக, வழவழவென்று இருந்தது, அத்தையின் ஆபரேட்டர் குரல் மாதிரி. அதைக் காட்டினால் இந்த மனிதர் பாராட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். இரண்டு வருஷம். புதுக் கருவி. நிலவு.

பொய்யென்று தெரிந்த ஒன்றின் மேல் கட்டப்போகும் இரண்டு வருஷம்.

அவள் மற்ற படத்தைத் திறந்தாள்.

"இது இன்று காலையில் வரைந்தது. இந்த வெள்ளைக் கோடுகள் ஞாயிற்றுக்கிழமைகள். விண்ணப்பத்தில் நான் எழுதியது தவறு. சாய்வுக்குக் காரணம் வெயில் இல்லை. கருவிக்கு அருகில் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். என் வீட்டில் இருப்பவர். நான் சராசரி எடுத்ததில் அது தெரியாமல் போனது. என் தவறுதான்."

இளைஞரின் தலையாட்டல் நின்றது. தலைவி பேனாவைக் கீழே வைத்தார்.

கண்ணாடிக்காரர் திரைக்கு மிக அருகில் வந்தார். அவர் நெற்றி மட்டுமே தெரிந்தது. வெகுநேரம் படத்தைப் பார்த்தார். கடைசியில் பின்னால் சாய்ந்தார்.

"உட்கார்ந்தவரின் எடை என்ன?"

"மன்னிக்கவும்?"

"எடை. எத்தனை கிலோ?"

"தெரியாது சார். என் மாமியார்."

"கேட்டுச் சொல்ல முடியுமா? கருவியிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்தார் என்பதும் வேண்டும். பாருங்கள், வெயில் எவ்வளவு அழுத்துகிறது என்று நமக்குத் தெரியாது. மனிதருக்கு எடை உண்டு. தெரிந்த எடை, தெரிந்த தூரம். உங்கள் கருவி சொல்வதும் கணக்கு சொல்வதும் ஒத்துப்போனால், அது எவ்வளவு நம்பகமானது என்று முதல் தடவையாகத் தெரியும். ஒத்துப்போகாவிட்டால் அதுவும் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. பாராட்டுகிறாரா, சவக்குழிக்கு அளவெடுக்கிறாரா என்று சொல்ல முடியாத முகம்.

தலைவிதான் முடித்துவைத்தார். "விண்ணப்பத்தின் மையமே மாறிவிட்டது. சாதாரணமாக நாங்கள் இதோடு நிறுத்திக்கொள்வோம். இன்று மாலைக்குள் திருத்திய கணக்கை அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு."

திரை இருண்டது. அதில் அவள் முகம் தெரிந்தது. மேல்பாதி மட்டும்.

அடுப்படியில் விளக்கு போடாமலே அத்தை பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கணவன் பிரிட்ஜில் சாய்ந்து நின்றான்.

"என்னாச்சு?" என்றான் அவன்.

"சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவன் கண்ணை மூடித் திறந்தான். அத்தை நிமிரவில்லை. ஒரு பட்டாணி துள்ளித் தரையில் ஓடியது, யாரும் எடுக்கவில்லை.

நிலாக்காரி அத்தைக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தை, கொஞ்சம் முன்னாடி நான் பேசினது..."

"கேட்டுச்சு. எனக்குக் காது இருக்கே."

"தப்பாப் பேசிட்டேன்."

"பொய் சொன்னவ நான். நீ கோவத்துல பேசினே. ரெண்டும் சரியாப் போச்சு." அத்தை தோலை ஒரு பக்கம் ஒதுக்கினார். "ஃபெலோஷிப் போச்சா?"

"தெரியல. சாயங்காலத்துக்குள்ள ஒரு கணக்கு அனுப்பணும். அது உங்க கிட்டதான் இருக்கு."

"என்கிட்ட என்ன கணக்கு?"

இந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது. கிளினிக்கில் எடை மெஷின் மேல் ஏறினால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "என்கிட்டச் சொல்லாதீங்க, உங்களுக்குள்ள எழுதி வச்சுக்குங்க" என்று நர்ஸிடம் சொல்பவர் அத்தை.

"உங்க எடை எவ்வளவு?"

பிரிட்ஜில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். அத்தை கையிலிருந்த பட்டாணியைக் கீழே வைத்தார்.

"யாரு கேக்கறா?"

"கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஒரு விஞ்ஞானி."

"அந்தாளுக்கு வேற வேலை இல்லியா?"

"இதுதான் அத்தை அவர் வேலை."

அத்தையின் உதட்டோரம் ஒரு சின்ன அசைவு. அது வந்த வேகத்திலேயே போயிற்று. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். நிதானமாக, ஒவ்வொரு விரலாக.

"அதுக்குக் காது கிடையாதுன்னு நீதானே சொன்னே," என்றார். "அதனாலதான் போனேன். ஆஸ்பத்திரியில அத்தனை வருஷம் ஊரார் பேச்சுக்கு லைன் போட்டேன். எனக்குன்னு ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லணும்னா தொண்டையிலயே நின்னுடுது. உன் மெஷின் முன்னாடி சொல்லிப் பாப்பேன். உன்கிட்டச் சொல்ற மாதிரியே. சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுவேன். சாயங்காலம் நீ வருவே, காபி போடட்டுமான்னு கேப்பேன். அதோட சரி."

"என்ன விஷயம் அத்தை?"

"மொதல்ல ரொம்ப நீளமா இருந்துச்சு. நியாயம், அநியாயம் எல்லாம் வச்சுப் பேசினேன். கொஞ்சம் அழுதும் பாத்தேன். சொல்லச் சொல்லத் தேஞ்சுபோச்சு. கடைசியில ரெண்டு மூணு வார்த்தைதான் மிச்சம்."

"அம்மா," என்றான் கணவன். "அக்கா வீட்டு விஷயமா? நானே சொல்லலாம்னுதான்..."

"நீ சும்மா இரு. எனக்கு எப்பவோ தெரியும். உங்கக்காவுக்கு ரகசியம் காக்கத் தெரிஞ்சிருந்தா நான் அவளையும் ஆபரேட்டர் வேலைக்கே அனுப்பியிருப்பேனே." அத்தை மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நல்ல பொண்ணுதான். ஒரு குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு வாரமும் தட்டு கைக்கு வந்துச்சு, டம்ளர் கைக்கு வந்துச்சு. உக்காருங்க உக்காருங்கன்னாங்க. அங்க நான் விருந்தாளி. இங்க நான் மாமியார்."

நிலாக்காரியின் போன் மேஜையில் அதிர்ந்தது. நேர்காணல் குழுவின் தலைவியிடமிருந்து. எடை கிடைத்ததா என்று ஒரே ஒரு வரி. வெளியே வெயில் மேற்குச் சுவரை விட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. மாலை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லுங்க அத்தை."

"எடையா?"

"அதை இல்ல."

"எடை சொல்றேன். எவ்வளவா இருந்தாலும் மறைக்காம சொல்றேன். ஏன், அந்த எடை மெஷின்லயே ஏறிக் காட்டறேன், கண்ணைத் திறந்துகிட்டு. ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்டாகணும். இன்னிக்கு அது உனக்குக் கிடைக்கும்னு உறுதியாத் தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன். லிஸ்ட்ல இல்லாதவ வந்து குறுக்க நிக்கறாளேன்னு ஆயிடும். இப்ப கிடைச்சாலும் கிடைக்கும், போனாலும் போகும். அதனால வாய் வருது."

நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். அந்தக் குரல் எங்கே போய் நிற்கும் என்று நிலாக்காரிக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. ஆபரேட்டர் குரல் வந்துவிட்டால் இன்றைக்கும் ஒன்றும் வெளியே வராது.

"லைன்ல இரு," என்றார் அத்தை. யாரிடம் சொன்னாரோ, தனக்கேதான் சொல்லிக்கொண்டாரோ. இரண்டு கைகளையும் மேஜை மேல் பரப்பி வைத்துக்கொண்டார், தரை ஆடிவிடக் கூடாது என்பது போல. பிறகு மருமகளின் முகத்தை நேராகப் பார்த்து, மூன்று மாதமாகக் காதில்லாத ஒரு கருவியிடம் மட்டும் சொல்லி வந்ததைச் சொன்னார்.

"என்னையும் கூட்டிட்டுப் போ."